வளவுக்குள் ஒரு பெட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரையை வாசித்து முடித்தாலும் அந்த வீடு எந்த ஒழுங்கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவராது. நல்லூர்ப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அப்படி நிறுத்தப் பழகுவதற்கு எங்களுக்கு ஒரு மாதம் எடுத்தது. அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

நாங்கள் நாலு பேர். கலைப்பீடம், மூன்றாம் வருடம். திருநெல்வேலியில் ஒரே வீட்டில் அறை எடுத்து இருக்கிறோம். போன நல்லூர்த் திருவிழாவுக்கு எங்களில் ஒருத்தியின் மச்சாள் கனடாவிலிருந்து வந்திருந்தாள். கச்சான் வாங்கிக்கொண்டு நிற்கும்போது போனைப் பார்த்தபடி, "இங்க கிட்டடியில ஒண்டும் இல்லையே" என்றாள். என்ன ஒன்றும் இல்லை என்று கேட்டோம். அன்றைக்குத்தான் ஜியோகாஷிங் என்ற சொல்லை முதன்முதலாகக் கேள்விப்பட்டோம்.

விளையாட்டு இலேசானது. ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்கேயாவது ஒளித்து வைப்பார். அதற்குள் ஒரு குட்டிக் கொப்பியும் பென்சிலும் இருக்கும். ஒளித்த இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனில் உள்ள ஜீ.பி.எஸ்ஸைப் பிடித்துக்கொண்டு தேடிப் போவார்கள். கண்டுபிடித்தால் கொப்பியில் பெயரும் திகதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். பெட்டிக்குள் சின்னச் சாமான் ஏதும் இருந்தால் எடுக்கலாம். ஆனால் அதே பெறுமதிக்கு ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான். பரிசும் இல்லை, போட்டியும் இல்லை.

எங்களுக்கு இது பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் இருந்தது. நாங்கள் நாலு பேரும் பின்னேரங்களில் சைக்கிளில் பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள். யாழ்ப்பாணத்தில் பழைய வீடு பார்ப்பது என்றால் இடிகிற வீடு பார்ப்பது என்றுதான் அர்த்தம். போன மாதம் நின்ற நாற்சார் வீடு இந்த மாதம் கல்லும் மண்ணுமாகக் கிடக்கும். அடுத்த மாதம் அதில் கல்யாண மண்டபத்துக்கு அத்திவாரம் போட்டிருப்பார்கள். படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுவோம், இருபது பேர் அழுகிற முகம் போடுவார்கள், முடிந்தது. ஒரு பெட்டியை ஒளித்து வைத்தால் ஆட்கள் நேரில் வருவார்கள், நின்று பார்ப்பார்கள், தூணைத் தொட்டுப் பார்ப்பார்கள் என்று நினைத்தோம். அந்த நினைப்பில் பிழை இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறோம். பிழை வேறு இடத்தில் இருந்தது.

இந்த விளையாட்டுத் தொடங்கிய கதையை வாசித்தபோது ஒரு திகதி எங்களை நிறுத்தியது. 2000 மே மாதம் வரைக்கும் அமெரிக்கா தன்னுடைய ஜீ.பி.எஸ் சமிக்ஞையைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குழப்பித்தான் கொடுத்தது. நூறு மீற்றர் அளவில் பிழை வரும். மே 2ஆம் திகதி அந்தக் குழப்பத்தை நிற்பாட்டினார்கள். அடுத்த நாள், மே 3, ஒரேகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வாளியைக் காட்டோரத்தில் பாதி புதைத்து வைத்து, இடத்தை இணையத்தில் எழுதினார். முதல் பெட்டி அதுதான். அதற்குள் புத்தகம், கவண், ஒரு ரின் அவரை எல்லாம் இருந்ததாம்.

2000 மே 3இல் எங்களில் ஒருத்தரும் பிறக்கவில்லை. ஆனால் அம்மா அப்பாமாருக்கு அந்தக் கிழமை நல்ல ஞாபகம். ஏப்ரல் 22இல் ஆனையிறவு விழுந்து பதினொரு நாள். குடாநாடு முழுக்க அடுத்து என்ன என்று உடுப்பு மூட்டையோடு இருந்த நேரம். ஒரு ஊரில் ஒரு மனுசன் விளையாட்டுக்கு வாளியைப் புதைக்கிறார். இன்னொரு ஊரில் சனம் எதைப் புதைப்பது, எதைக் கொண்டு ஓடுவது என்று யோசிக்கிறது. வாசித்தபோது இதை ஒரு பகிடியாகத்தான் கதைத்தோம். அது எங்களிடமே திரும்பி வரும் என்று தெரியாது.

இடம் தேடத் தொடங்கினோம். முதலில் எல்லாருக்கும் வந்த யோசனை மந்திரி மனை. பருத்தித்துறை வீதியோரம், முத்திரைச் சந்தியிலிருந்து நடக்கிற தூரம். சங்கிலியன் தோப்பு வளைவும் யமுனா ஏரியும் பக்கத்தில். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். ஏற்கெனவே பலவீனப்பட்டுப் போன சுவருக்கு இடையில் எங்கள் பெட்டியைத் தேடிப் பத்துப் பேர் கை விட்டால் என்ன ஆகும்? விளையாட்டின் விதிகளும் அப்படியான இடங்களில் வைக்கவேண்டாம் என்றுதான் சொல்கின்றன. விட்டுவிட்டோம்.

இந்த இடத்தில் வகுப்பில் படித்த ஒரு விசயம் ஞாபகம் வந்தது. எங்கள் நாட்டின் தொல்பொருள் சட்டம் 1940இல் வந்தது. அது பழைமை என்று கோடு கிழிக்கிற நாள் 1815 மார்ச் 2. அதாவது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்குப் பிந்திய கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டுமென்றால் வர்த்தமானியில் தனியாக அறிவிக்க வேண்டும். நாங்கள் பார்க்கப் போகிற வீடுகளில் அனேகமானவை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். பிரித்தானியர் காலத்தில், சிலோன் உத்தியோகக் காசிலும் மலாயா பென்சன் காசிலும் கட்டினவை. சட்டத்துக்கு அவை பழசு இல்லை. விற்கிற ஆளுக்கு அவை புதுசும் இல்லை. வெறும் காணி.

எங்களுடைய வீடு அப்படியான ஒன்று. சுண்ணாம்புச் சாந்து பூசின தடித்த சுவர், நடுவில் முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், பனைமரச் சலாகை, ஓடு. முன் விறாந்தைத் தூண் ஒன்றில் செல் சிதறின அடையாளம் இருக்கிறது. அதற்கு மேலே வெள்ளை அடித்து அடித்து இப்போது அம்மைத்தழும்பு மாதிரித்தான் தெரியும். வளவின் பின்பக்கம் கிணறு. அந்த வீட்டில் ஒரு ஆச்சி தனிய இருக்கிறா. சொந்தக்காரர் அவ இல்லை. சொந்தக்காரரின் சித்தி முறை. உடைமைக்காரர் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி ஐந்து பேர், மூன்று நாட்டில். ஆச்சி வீட்டைப் பார்த்துக்கொள்கிறா. விளக்கு வைக்கிறா, முற்றம் கூட்டுறா, தேங்காய் விழுந்தால் பொறுக்கி வைக்கிறா.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்குத் தெரிந்தவ என்றபடியால் போய்க் கேட்டோம். "ஆச்சி, ஒரு விளையாட்டு. ஒரு சின்னப் பெட்டி மதிலில வைக்கப் போறம். ஆக்கள் வந்து பாத்திட்டுப் போவினம். பிரச்சினை இல்லைத்தானே?" ஆச்சி தேத்தண்ணி ஊத்திக்கொண்டிருந்தா. "அதுக்கென்ன, வையுங்கோ பிள்ளையள்" என்றா. சீனி காணுமோ என்று கேட்டா. எங்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

உண்மையில் ஆச்சிக்கு எதற்கு ஓம் சொன்னா என்று தெரியாது. விளங்கப்படுத்துகிற பொறுமை எங்களுக்கு இருக்கவில்லை. ஓம் என்று ஒரு சொல் தேவைப்பட்டது. அது வந்ததும் எழும்பிவிட்டோம். பிறகு இணையத்தில் படிவம் நிரப்பும்போது, காணி உரிமையாளரின் அனுமதி உண்டா என்ற மாதிரி ஒரு கேள்வி வந்தது. ஒரு வினாடி கை நின்றது. சரி அடித்தோம்.

பெட்டி சாப்பாடு போடுகிற சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. கறுப்பு ரேப் சுற்றி, மதிலின் உள்பக்கம், கிணற்றடிக்குப் போகிற மூலையில் கல் ஒன்று கழன்ற பொந்துக்குள் வைத்தோம். புதைக்கவில்லை. தோண்டக்கூடாது என்பது இன்றைக்கு இந்த விளையாட்டின் கட்டாய விதிகளில் ஒன்று. முதல் வாளி பாதி புதைத்ததுதான் என்றாலும் பிறகு வந்தவர்கள் அதை மாற்றிவிட்டார்கள். பெட்டியில் "இது விளையாட்டுக்கு வைத்தது" என்று எழுதி ஒட்ட வேண்டும், ஒளி ஊடுருவுகிற பெட்டியாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்வார்கள். 2011இல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் ஒரு கபேக்கு வெளியே யாரோ வைத்த பெட்டியைக் குண்டு என்று நினைத்து வீதியை மூடி, அதிகாரிகள் அதை வெடிக்கவைத்த கதையை நாங்களே வாசித்திருந்தோம். வாசித்தும் கறுப்பு ரேப் சுற்றினோம். வடிவாக ஒளிந்திருக்கட்டும் என்று.

இணையத்தில் போட முதல் ஒருக்காச் சோதித்துப் பார்க்க, முதலாம் வருடத் தம்பிமார் இரண்டு பேருக்கு இலக்கங்களைக் கொடுத்து அனுப்பினோம். பின்னேரம் ஐந்தரை. இந்த விளையாட்டுக்காரர் வெளியாட்களுக்கு "மகிள்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஹரி பொட்டர் கதையிலிருந்து எடுத்தது. மகிள் ஒருத்தரும் பார்க்காத நேரம் பார்த்துத் தேட வேண்டும் என்பது அறிவுரை. யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் ஒருத்தரும் பார்க்காத நேரம் என்று ஒன்று கிடையாது. தம்பிமார் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மதிலைத் தடவ, முன்வீட்டு ரிட்டயர்ட் மாஸ்ரர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"தம்பியவை, உதில என்ன தேடுறியள்? ஆற்றை பிள்ளையள் நீங்கள்?"

தம்பிமார் பயத்தில் ஒரு பதிலும் சொல்லாமல் பெட்டியை வெளியே இழுத்திருக்கிறார்கள். அங்கேதான் எல்லாம் குழம்பியது. கறுப்பு ரேப் சுற்றின பெட்டி, மதில் பொந்துக்குள்ளிருந்து. மாஸ்ரர் "வையடா கீழ, வை" என்று கத்த, பக்கத்து வீட்டுச் சனம் வர, யாரோ பொலிசுக்கு அடிக்கச் சொல்ல, ஒரு அக்கா பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓட. எங்களுக்குக் கோல் வந்து நாங்கள் சைக்கிளில் பறந்து போய்ச் சேரப் பத்து நிமிடம். பெட்டி மண்ணில் கிடந்தது. அதைச் சுற்றிப் பெரிய வட்டமாகச் சனம். ஆச்சி விறாந்தைக் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றா. அவவின் கை நடுங்கினதை ஒழுங்கையில் நின்றே பார்த்தோம்.

எங்களில் ஒருத்தி கிளிநொச்சிக்காரி. 2009இல் ஆறு வயது. திரும்பக் குடியேறின பிறகு அவளுடைய பள்ளிக்கூடத்தில் வந்து கண்ணிவெடி பற்றிச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: தெரியாத பொருளைத் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியாட்களிடம் சொல்லு. படம் போட்ட கொப்பி தந்தார்கள். அதில் ரின், பந்து, பெட்டி எல்லாம் இருந்தது. அவள் அந்தப் பெட்டியை வைத்தபோது எங்களோடு இருந்தவள். உள்ளே கொப்பியும் பென்சிலும் ஒரு சோழியும்தான் என்று தெரிந்தவள். ஆனாலும் அந்த வட்டத்தைப் பார்த்ததும் அவளுடைய கால் நின்றுவிட்டது. வட்டத்துக்கு உள்ளே அவள் வரவில்லை. வேறொருத்திதான் போய்ப் பெட்டியை எடுத்துத் திறந்து எல்லாருக்கும் காட்டினாள்.

மாஸ்ரர் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். ஏசுவார் என்று பார்த்தோம். ஏசவில்லை. "கம்பஸ் படிக்கிற பிள்ளையள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏசியிருக்கலாம்.

சனம் கலைந்த பிறகு ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவ கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "உந்த மதில் மூலையிலயே வைச்சனியள்?" என்று கேட்டா. ஓம் என்றோம். "நாங்களும் அதிலதான் வைச்சனாங்கள்."

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்ட நாள். எங்கள் வீடுகளில் அந்த இரவைப் பற்றி ஆளுக்கொரு கதை இருக்கிறது, உங்கள் வீட்டிலும் இருக்கும். ஆச்சியும் அவவுடைய அக்காவும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் காணி உறுதி, இரண்டு சோடிக் காப்பு, அக்காவின் கல்யாணப் படங்கள் எல்லாம் போட்டு, ரின்னைச் சொப்பிங் பேக்கால் சுற்றி, அந்த மூலையில் புதைத்திருக்கிறார்கள். கிணற்றுக் கட்டிலிருந்து மாமரத்தை நோக்கிப் பதினொரு அடி. கயிறு எடுக்க நேரமில்லை, காலால் அளந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்க்க மாமரம் இல்லை. கிணற்றுக் கட்டும் உடைந்து பாதி. எந்தப் பக்கத்துக்குப் பதினொரு அடி? மூன்று இடத்தில் கிண்டிப் பார்த்திருக்கிறார்கள். கிடைக்கவில்லை. யாராவது எடுத்தார்களா, அல்லது இன்னும் அங்கேயே கிடக்கிறதா, தெரியாது. அக்கா செத்துப் பன்னிரண்டு வருடம்.

"பெட்டி எடுத்திட்டாங்கள் எண்டு கத்திக் கேட்டுது. நான் எங்கட பெட்டி எண்டு நினைச்சிட்டன்," என்றா ஆச்சி.

அவவின் கை நடுங்கினது குண்டுப் பயத்தில் இல்லை.

அன்று இரவு அறையில் ஒருத்தரும் சாப்பிடவில்லை. கிளிநொச்சிக்காரியின் சித்தி கண்ணிவெடி அகற்றுகிற வேலை செய்தவ. அவவுக்குக் கோல் எடுத்து, நிலத்துக்குக் கீழே ரின் இருந்தால் கண்டுபிடிக்கலாமா என்று கேட்டோம். சித்தி சிரித்தா. "உந்த வேலைக்கு மெசின் தரமாட்டினம் பிள்ளை. தந்தாலும் பழைய வளவில ஆணி, தகரம், போத்தல் மூடி எல்லாத்துக்கும் கத்தும். ஒவ்வொண்டையும் கிண்டிப் பாக்கவேணும். ரின் கறள் பிடிச்சுக் கரைஞ்சிருக்கும். ஆனா பொன் கரையாது" என்றா.

ஆச்சி எங்களிடம் கேட்டது வேறு. "உங்கட போனில அந்த இடத்தைக் காட்டேலாதோ?" ஏலாது என்று சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. வைக்கும்போது குறித்த இடத்தைத்தான் போன் காட்டும். குறித்திருந்தால்கூட, நல்ல வெளியில் ஐந்து மீற்றர் முன்பின் வரும். ஐந்து மீற்றர் வட்டம் என்றால் 78 சதுர மீற்றர் நிலம். மரத்துக்குக் கீழே, மதிலுக்குப் பக்கத்தில் இன்னும் கூட. எங்கள் விளையாட்டில் அதனால்தான் இலக்கத்தோடு ஒரு குறிப்பும் எழுதுவார்கள், வேருக்குக் கீழே, கல்லுக்குப் பின்னால் என்று. வேரும் கல்லும் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிற குறிப்பு அது. ஆச்சியும் அந்த நம்பிக்கையில்தான் மாமரத்தைக் குறித்தா.

அடுத்த ஞாயிறு அளக்கிற நாடாவும் கொப்பியும் கொண்டு போனோம். உடைந்த கிணற்றுக் கட்டின் அத்திவாரம் எது, பிறகு கட்டினது எது என்று ஆச்சி காட்டினா. மாமரம் நின்ற இடத்தை மாஸ்ரர் வந்து சொன்னார். சின்னனில் அந்த மரத்தில் ஏறி விழுந்து கை முறித்தவராம். இரண்டையும் தொடுத்துக் கோடு பிடித்து, ஆச்சியின் பாதத்தையே அளந்து பதினொன்றால் பெருக்கினோம். மண்வெட்டியால் அரைநாள் கிண்டினோம். ஒரு பித்தளைக் குமிழ், உடைந்த பீங்கான், துருப்பிடித்த தகரத் துண்டு. தகரத்தைக் கண்டதும் ஒரு நிமிடம் எல்லாரும் குந்தினோம். கூரைத் தகரம்தான். மண்ணைத் திரும்ப மூடி, தண்ணீர் தெளித்து, மட்டப்படுத்திவிட்டு வந்தோம்.

இதற்கிடையில் உடைமைக்காரர் காதுக்கு விசயம் போய்விட்டது. யாரோ வட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார்கள். மூத்தவர் லண்டனிலிருந்து கோல் எடுத்தார். முதலில் கோபம். "எங்கட வீட்டில பெட்டி வைக்க நீங்கள் ஆர்?" நியாயமான கேள்வி. ஆச்சி ஓம் சொன்னவ என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. பழியை அவவின் தலையில் போடுவது போலிருந்தது. பிறகு அவரே விளங்கப்படுத்தினார். உறுதி தொலைந்து, பிரதி எடுத்து, ஐந்து பேரும் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்து, இன்னும் ஒன்றும் முடியவில்லை. அந்நேரம் தெரியாத சனம் வளவுக்குள் வந்து போனால் நாளைக்கு யார் என்ன உரிமை கேட்பார்கள் என்று பயம். வீட்டை விற்கத்தான் போகிறார்கள். "எங்களுக்கு மனவருத்தம் இல்லையெண்டு நினைக்காதேங்கோ" என்றார். நாங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். பழைய வீட்டை விற்கிறவன் ஞாபகமில்லாதவன் என்று எத்தனை தரம் எழுதியிருக்கிறோம்.

வைக்கும்போது குறித்த இலக்கங்களைத் தனக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். அவர் கூகுள் வரைபடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஓட்டுக் கூரை தெரியுது" என்று பதில் போட்டார். அதற்குப் பிறகு கோபம் இருக்கவில்லை.

பெட்டியை எடுத்துவிட்டோம். படிவத்தை அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக, அவருடைய அனுமதியோடு, இந்த முறை எழுத்தில் வாங்கின அனுமதியோடு, வீட்டை அளந்து ஒரு வரைபடம் கீறிக்கொண்டிருக்கிறோம். அறை அறையாக, தூண் தூணாக. எந்த அறையில் யார் பிறந்தது, எங்கே நெல் மூட்டை அடுக்கினது, செல் எந்தப் பக்கத்தால் வந்தது என்று ஆச்சி சொல்லச் சொல்ல எழுதுகிறோம். ஐந்து பேருக்கும் ஆச்சிக்கும் ஒவ்வொரு பிரதி. வெளியில் போடுவதா இல்லையா என்பதை அவர்கள் சொல்லட்டும். வீடு அதனால் நிற்கப்போவதில்லை. அது எங்களுக்குத் தெரியும்.

பெட்டிக்குள் இருந்த கொப்பியை ஆச்சி கேட்டு வாங்கிக்கொண்டா. அதில் என்ன எழுதுகிறது என்று கேட்டா. பெயரும் திகதியும் என்றோம். பெயரை எழுதினா. திகதி போடும் இடத்தில் அன்றைய திகதியைப் போடவில்லை, 30.10.95 என்று போட்டா. நாங்கள் திருத்தவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் எங்களைப் போலப் பழைய வீடு பார்க்கப் போகிறவர்களாக இருக்கலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். படலைக்கு வெளியே நின்று கூப்பிடுங்கோ. ஏன் வந்தோம் என்று ஆறுதலாகச் சொல்லுங்கோ. ஓம் என்ற சொல் வந்ததும் எழும்பாதேங்கோ. தேத்தண்ணியைக் குடிச்சு முடியுங்கோ.